சத்யஜித் ராயின் எழுத்துப்பணி: ஓர் இதழ்மரபின் தொடர்ச்சி

கொல்கத்தாவில் 1921-இல் பிறந்த சத்யஜித் ராய், திரைப்பட இயக்குநராகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும், அவர்தம் திரைக்கலைக்கும் எழுத்துக்கும் நூலுலகே ஊற்றுக்கண்ணாகும். பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழைத் தந்தையார் சுகுமார் ராயும் நடத்தினார். 1923-இல் தந்தையார் மறைந்தபின் குடும்ப அச்சகம் கைவிட்டுப் போயிற்று. விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு ராய் வரைந்த ஓவியங்களே, 1955-இல் வெளிவந்த அத்திரைப்படத்திற்கு வித்தாயின. 1961-இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயருடன் இணைந்து ‘சந்தேஷ்’ இதழுக்கு அவர் மறுவாழ்வளித்தார். அவ்விதழின் தேவையே அவரைப் புனைகதையாளராக்கியது. அறிவியலறிஞர் ஷோங்கு (1961), துப்பறிவாளர் பெலூடா (1965) ஆகிய பாத்திரங்கள் அதில் தோன்றின. பெலூடா நாவலான ‘சோனார் கெல்லா’வை 1974-இல் அவரே படமாக்கினார். 1992-இல் மறைந்த ராயின் எழுத்தைத் திரைப்பணியின் ஓய்வுநேர விளைவாகக் கருதுதல் பொருந்தாது. மூன்று தலைமுறை இதழ்மரபின் தொடர்ச்சியாகவே அது மதிப்பிடத்தக்கது.