சர் ரொனால்டு ராஸ்

மக்கட்கு இடுக்கண் விளைக்கும் பகைகளுள் கண்ணுக்குப் புலனாகாதனவே மிகக் கொடியன. அவற்றுள் ஒன்றாகிய மலேரியாவின் மறைவிடத்தைக் கண்டறிந்த பெரியார் சர் ரொனால்டு ராஸ் ஆவர். கொல்லிமலையும் சேர்வராயன் மலையும் அணிசெய்யும் சேலம், நாமக்கல் வெளிகளில் வாழும் நாம், மலைச்சுரம் என நம் முன்னோர் அஞ்சிய நோயின் வரலாற்றை அறிதல் நலமாகலின், அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். எட்டாம் வயதிற் கல்வியின்பொருட்டு இங்கிலாந்திற்கு அனுப்பப்பெற்றார். கவிதையிலும் இசையிலுமே இவருள்ளம் படிந்திருந்தது. எனினும், படைத்தலைவராகிய தந்தையாரின் விருப்பிற்கிணங்கி மருத்துவம் பயின்று, 1881-இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து சென்னை மாகாணம் வந்தடைந்தார்.

நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமி உண்டென்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880-இற் கண்டிருந்தார். அஃது ஒருவரினின்று மற்றொருவரை அடையும் வழியோ விளங்கவில்லை. கொசுவே அதனைச் சுமப்பதாகலாம் என்னும் கருத்தை 1894-இல் லண்டனிற் பாட்ரிக் மான்சன் என்பார் ராஸுக்கு எடுத்துரைத்தார். மறு ஆண்டு இந்தியா மீண்ட ராஸ், செகந்தராபாத்தில் ஆராய்ச்சி தொடங்கினார். அவர் அறுத்து நோக்கிய கொசுக்கள் பெரும்பாலும் வேற்றினத்தன ஆகலின், ஈராண்டு உழைப்பும் பயன்தரவில்லை. 1897-இல் நீலகிரியைச் சார்ந்த சீகூர்க் கணவாயிற் காய்ச்சலை ஆராயச் சென்று, தாமே அதற்கு ஆளானார். ஆயினும் ஊக்கம் தளர்ந்திலர்.

அவ்வாண்டு ஆகஸ்டில், ஹுசேன் கான் என்னும் நோயாளியைப் புள்ளிச் சிறகுடைய கொசுக்கள் கடிக்கச் செய்து, கொசுவிற்கு ஓர் அணா வீதம் அவர்க்கு அளித்தார். 20-ஆம் நாள் அவற்றுள் ஒன்றன் இரைப்பைச் சுவரிற் கருந்துகள் பொதிந்த உயிரணுக்களைக் கண்டார். 1898-இற் கல்கத்தாவிற் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எய்திக் கடியினாற் பரவுதலை நிறுவினார். மனிதரிடத்து அதனை மெய்ப்பித்தவர் இத்தாலியராகிய கிராஸி முதலியோர். முதன்மை பற்றி இருவர்க்கும் எழுந்த பூசல் நெடுநாள் ஓய்ந்திலது. ராஸ் 1902-இல் நோபெல் பரிசு பெற்று, 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் உலகு நீத்தார்.

கொயினாவும் பிற மருந்துகளும் இருக்கக் கொசுவை அஞ்சுவானேன் எனச் சிலர் வினவலாம். குளோரோகுயின் என்னும் மருந்து தோன்றியபோது உலகம் அவ்வாறே நம்பியது. ஆனால், 1950-களின் இறுதியிலேயே தென்கிழக்கு ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும், 1973-இல் நம் நாட்டு அஸ்ஸாமிலும், பால்சிபாரம் என்னும் கொடிய கிருமியினம் அதற்கு அடங்காமை கண்டனர். அக்கிருமியின் மரபணு ஒன்றில் நேர்ந்த திரிபுகள், உட்புகுந்த மருந்தை வெளியேற்றும் ஆற்றலை அதற்கு அளித்தன. மருந்து எளிய கிருமிகளைக் கொல்ல, திரிபுற்றவை எஞ்சிப் பல்கின. பின்வந்த ஆர்ட்டிமிசினினுக்கும் இத்தகைய இடர் தோன்றியுள்ளது. கிருமியின் ஆண் பெண் கூறுகள் கலந்து மரபணுக்கள் புதிதாய்ச் சேர்வதும் கொசுவின் இரைப்பையிலேயே. ராஸ் நோக்கிய இடமும் அதுவே!

மருந்து தோற்கலாம், கொசுவின்றி மலேரியா பரவுதல் அரிது. ஆகலின் மருந்தை இடையில் நிறுத்தாது முற்ற உண்பதும், தெளிந்த நீரிற் கொசு வளரும் நம்மூர்க் கிணறுகளையும் மேனிலைத் தொட்டிகளையும் மூடிக் காப்பதும் அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும் எனக் கருதுகின்றோம்.