இரண்டு தங்கம் தந்த பள்ளி ஆசிரியர்
கால் பந்து பயிற்சியாளர் ரகீமின் வாழ்க்கை

கால் பந்து ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் ஒரு வாக்குவாதம் எழாமல் போகாது. இந்திய அணிக்குப் பயிற்சி அளித்தவர்களில் பெரியவர் யார் என்பதே அது.

முதலில் சொல்லப்படும் பெயர் சையத் அப்துல் ரகீம். உடனே எதிர்வாதமும் வந்து விடும். அவர் காலத்தில் ஆசியாவில் போட்டிக்கு ஆள் இல்லை என்பார் ஒருவர். நல்ல ஆட்டக்காரர்கள் தாமாக வந்து வாய்த்தார்கள், இவர் என்ன செய்தார் என்பார் இன்னொருவர். ஐதராபாத்காரர்களுக்குச் சலுகை காட்டினார் என்பார் மற்றொருவர். ஒரே ஆட்டத்தில் 10 கோல் வாங்கியதை மறந்து விட்டீர்களா என்று கேட்பவரும் உண்டு.

ரகீம் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வாக்குவாதம் மட்டும் ஓயவில்லை. அவருடைய வாழ்க்கையை ஒரு முறை பார்த்து விட்டால், யார் பக்கம் நியாயம் என்பது தெரிந்து விடும்.

வாத்தியார்

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகக் கால் பந்து அணியிலும் ஆடினார்.

படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். காச்சிகுடா, சாதர்காட் முதலிய பகுதிகளில் இருந்த பள்ளிகளில் வேலை பார்த்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமோ பெற்று, பையன்களுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஆனார். கடைசி வரை அவரிடம் இருந்தது வாத்தியாரின் குணம்தான்.

1943-ல் ஐதராபாத் கால் பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். இறக்கும் வரை 20 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இடது காலுக்கு ஒரு போட்டி

செயலாளர் ஆனதும் அவர் செய்த காரியங்கள் பலருக்கு வேடிக்கையாக இருந்தன. வலது காலால் மட்டும் நன்றாக உதைப்பவர்கள் இடது காலால்தான் உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடக் கூடாது, வந்தவுடன் அடுத்தவருக்குத் தட்டி விட வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார். குள்ளமான பையன்களுக்கென்றே தனியாக ஒரு போட்டி நடத்தினார்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் நம் ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். தனி ஒருவர் நாலு பேரை ஏமாற்றி ஓடினால் கூட்டம் கை தட்டும். கை தட்டல் கிடைக்கும், கோல் கிடைக்காது. ஒரு காலை மட்டும் நம்புகிறவனை எதிரி சுலபமாக மடக்கி விடுவான். இந்தப் பழக்கங்களைப் பேச்சால் மாற்ற முடியாது என்று கண்டு, விளையாட்டாலேயே மாற்றினார் ரகீம்.

போலீஸ் அணி

1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு முதல் 1954 வரை, தொடர்ந்து 5 ஆண்டுகள், பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்குப் பயந்து கொண்டிருந்த காலம் போய், அந்தக் கிளப்புகளே போலீஸ் அணியைக் கண்டு யோசிக்கும் காலம் வந்தது. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையையும் 1956, 1957 ஆகிய போட்டிகளில் ஐதராபாத் வென்றது.

ஏழைப் பையன்களைத் தேடிப் பிடிப்பதில் ரகீமுக்கு நிகர் அவரே. சிகந்தராபாத் பக்கத்தில் இருந்து வந்த துளசிதாஸ் பலராம் அப்படிக் கிடைத்தவர். தினமும் ஐதராபாத் வந்து பயிற்சி எடுக்கப் பலராமிடம் காசு இல்லை. வாடகை சைக்கிளுக்கு ரகீம் ஏற்பாடு செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பையன் பின்னாளில் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார்.

முதல் தங்கம், முதல் அடி

1951-ல் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில் நடந்தது. இந்திய அணிக்கு ரகீம் பயிற்சியாளர். சைலேன் மன்னா கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் இந்தியா வென்றது. மேவாலால் அந்தக் கோலைப் போட்டார். முதல் தங்கம் கிடைத்தது.

மறு ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. ரகீமின் பெயரைச் சொன்னதும் எதிர்வாதிகள் எடுத்துக் காட்டும் ஆட்டம் இதுதான்.

தோல்வி தோல்விதான். அதை மறைக்க வேண்டியது இல்லை. ஆனால் அன்றைய நிலைமையையும் பார்க்க வேண்டும். நம் ஆட்டக்காரர்களில் பலர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலுடன் ஆடினார்கள். உள் நாட்டில் 70 நிமிட ஆட்டம் ஆடிப் பழகியவர்கள், அங்கே குளிரில் 90 நிமிடம் ஓட வேண்டி இருந்தது. எதிரே நின்றவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல. அந்த ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர்கள்.

அடி வாங்கியவர் அதில் என்ன கற்றுக் கொண்டார் என்பதே முக்கியம். இனி பூட்ஸ் அணிந்துதான் ஆட வேண்டும் என்று இந்தியக் கால் பந்து சம்மேளனம் விதி செய்தது. ரகீமும் ஐரோப்பிய ஆட்ட முறைகளைக் கவனித்தார். 1953-ல் இங்கிலாந்தை அதன் சொந்த மைதானத்தில் 6-3 என்று ஹங்கேரி தோற்கடித்து இருந்தது. சென்டர் பார்வர்டு முன்னால் நிற்காமல் சற்றுப் பின்னால் இறங்கி ஆடுவதே ஹங்கேரியின் தந்திரம். அந்த முறையை நம்மவர்களுக்கு ரகீம் சொல்லிக் கொடுத்தார்.

மெல்போர்ன்

பலன் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று இந்தியா வென்றது. பம்பாய் ஆட்டக்காரர் நெவில் டிசூசா 3 கோல் போட்டார்.

அரை இறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா! இந்த முறை முதல் கோலைப் போட்டது இந்தியாதான். அதையும் டிசூசாவே போட்டார். பிறகு யூகோஸ்லாவியா 4 கோல் போட்டு வென்றது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்று தோற்று, இந்தியா 4-வது இடம் பெற்றது. ஒலிம்பிக் கால் பந்தில் இந்தியா அடைந்த மிக உயர்ந்த இடம் இதுவே.

இதிலும் எதிர்வாதம் உண்டு. அந்த ஒலிம்பிக்கில் ஆடியவை 11 அணிகளே. முதல் சுற்றில் ஹங்கேரி வராததால், இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. ஒரே ஓர் ஆட்டத்தை வென்று 4-வது இடம் பிடித்தார்கள் என்று சொன்னால், அது பொய் ஆகாது. ஆனால் 4 ஆண்டுகளுக்கு முன் 10 கோல் வாங்கிய அதே நாட்டுக்கு எதிராக முதல் கோலைப் போட்டு முன்னிலை பெற்றதும் பொய் ஆகாது.

மகனுக்கு இடம் இல்லை

1960-ல் ரோம் ஒலிம்பிக். பி.கே.பானர்ஜி கேப்டன். தமிழ் நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜும் அந்த அணியில் இருந்தார். இந்தியா சேர்ந்த பிரிவு கடினமானது. ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றது. பதக்கம் இல்லை. ஆனால் ஐரோப்பிய அணிகள் இந்தியாவை அலட்சியமாக நினைத்த காலம் அன்றோடு போனது.

ரகீமின் மகன் ஹக்கீமும் அந்த அணியோடு ரோம் சென்று இருந்தார். 3 ஆட்டங்களில் ஒன்றில் கூட அவரைத் தந்தை இறக்கவில்லை. மகன் வெளியே உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். 1962 ஆசியப் போட்டிக்குச் சென்ற அணியிலும் அவர் பெயர் இல்லை.

சொந்த ஊர்க்காரர்களுக்குச் சலுகை காட்டினார் என்று பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை நினைத்து இருந்தால் ஓர் ஆட்டத்தில் 10 நிமிடம் மகனை ஆட விட்டு, ஒலிம்பிக்கில் ஆடியவன் என்ற பெயரை வாங்கித் தந்து இருக்கலாம். ரகீம் அதைச் செய்யவில்லை.

ஜகார்த்தா

1962-ல் ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. அப்போதே ரகீமைப் புற்று நோய் பற்றி இருந்தது. அந்த உடம்போடுதான் அணியைக் கூட்டிச் சென்றார். சுனி கோஸ்வாமி கேப்டன்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றார்கள்.

இடையில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டி வந்தது. தற்காப்பில் மலை போல் நிற்பவர் அவர். தலைக் காயத்தோடு பின்னால் நிறுத்தினால் ஒவ்வொரு பந்தையும் முட்ட வேண்டும். வெளியே வைத்தாலோ அணி பலம் இழக்கும். ரகீம் யாரும் நினைக்காத முடிவை எடுத்தார். ஜர்னைல் சிங்கைத் தாக்குதல் வரிசையில், சென்டர் பார்வர்டாக நிறுத்தினார்! கல்லூரி நாட்களில் அவர் அந்த இடத்தில் ஆடியவர் என்பது ரகீமுக்குத் தெரிந்து இருந்தது.

அரை இறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று இந்தியா வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைல் சிங் போட்டது.

இதற்குள் ஊரில் நிலைமை கெட்டு விட்டது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு அனுமதிக்கவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த இந்தியர் ஜி.டி.சோந்தி அதை எதிர்த்தார். கோபம் கொண்ட கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. இந்திய ஆட்டக்காரர்களை எங்கே பார்த்தாலும் கூச்சல் போட்டார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன், தனக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று ரகீம் கேட்டதாக அவருடைய ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்தார்கள்.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி மீண்டும் தென் கொரியா. மைதானம் முழுவதும் இந்தியாவுக்கு எதிரான கூச்சல். கோல் காக்கும் இடத்தில் பீட்டர் தங்கராஜ் நின்றார். சிகந்தராபாத்தில் ஆடத் தொடங்கி, நீலகிரி வெலிங்டனில் உள்ள மதறாஸ் ரெஜிமென்டில் சேர்ந்து புகழ் பெற்றவர் அவர். காய்ச்சலில் இருந்து எழுந்து வந்து ஆடினார்.

17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல் போட்டார். 20-வது நிமிடத்தில், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் இன்னொரு கோல் போட்டார். தென் கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோலைத் திருப்பியது. 2-1 என்று இந்தியா வென்றது. வாத்தியார் கேட்ட பரிசை மாணவர்கள் கொடுத்து விட்டார்கள்.

ஆசியாவில் ஆள் இல்லாத காலம் என்ற வாதம் இங்கே நிற்காது. தென் கொரியா 1956-லும் 1960-லும் ஆசியக் கோப்பையை வென்ற அணி. ஜப்பானோ 6 ஆண்டுகள் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய நாடு. இந்த இரண்டையும் ஒரே போட்டியில் ரகீமின் அணி வென்றது.

மறைவு

ஜகார்த்தாவில் இருந்து திரும்பிய ரகீம் அதிக நாள் இருக்கவில்லை. 1963-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

சிறந்த பயிற்சியாளர்களுக்கு அரசாங்கம் வழங்கும் துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் ஏற்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவருடைய கதையைச் சொல்லும் இந்திப் படம் 'மைதான்' 2024-ல்தான் வந்தது.

கணக்கு

நல்ல ஆட்டக்காரர்கள் தாமாகவே வாய்த்தார்கள் என்ற வாதம் ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. அதற்குப் பதில், ரகீம் இறந்த பிறகு நடந்தவற்றில் இருக்கிறது.

ஜகார்த்தாவில் ஆடியவர்களில் பலர் இன்னும் சில ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடினார்கள். 1964-ல் ஆசியக் கோப்பையில் 2-வது இடம் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதி பெறவில்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால் பந்தில் இந்தியா ஆடியதே இல்லை. ஆசியப் போட்டியில் 1970-ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த போட்டி வரை, கால் பந்தில் மூன்றாவது தங்கம் வரவில்லை.

அதே காலத்தில் ஜப்பான் என்ன செய்தது? டெட்மார் கிரேமர் என்ற ஜெர்மன் பயிற்சியாளரை 1960-ல் வரவழைத்தது. அவர் சொன்னதைக் கேட்டு, 1965-ல் நாடு முழுவதற்கும் ஒரு லீக் போட்டியைத் தொடங்கியது. இந்தியாவில் தேசிய லீக் தொடங்கியது 1996-ல்தான். ஜப்பான் ஒரு பயிற்சியாளரின் அறிவை ஏற்பாடாக மாற்றிக் கொண்டது. நாம் ரகீமின் அறிவை ரகீமிடமே விட்டு விட்டோம். அவர் போனதும் அதுவும் போய் விட்டது.

இடது காலுக்குப் போட்டி வைத்தவர், ஏழைப் பையனுக்குச் சைக்கிள் ஏற்பாடு செய்தவர், மகனை வெளியே உட்கார வைத்தவர், காயம் பட்ட தற்காப்பு வீரனை முன்னால் நிறுத்தியவர் ஒரே மனிதர்தான். ஆட்டக்காரர்கள் தாமாக வாய்க்கவில்லை. ஒருவர் அவர்களைத் தேடி எடுத்தார், திருத்தினார், சரியான இடத்தில் நிறுத்தினார்.

பயிற்சியாளரின் பெருமையை வென்ற ஆட்டங்களை எண்ணிச் சொல்வார்கள். ரகீமின் பெருமையை, அவருக்குப் பின் கிடைக்காமல் போன தங்கங்களை எண்ணியும் சொல்லலாம்.