சப்பாத்திக் கள்ளி பூத்த சாளரம்

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் (1869–1954) தூரிகையைக் கையில் எடுத்ததே ஒரு நோயினால்தான். தானிய வணிகரின் மகனான அவர் சட்டம் பயின்று, வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தார். இருபது வயதில் குடல்வால் நோயால் படுத்த மகனுக்குப் பொழுதுபோகட்டுமென்று தாயார் ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். சட்டப் புத்தகங்கள் விரைவில் பரணுக்குப் போயின.

அதன்பின் புகழும் பொருளும் வந்த கதையை நாம் இங்கு விரிக்கப் போவதில்லை. 71ஆம் வயதுக்கு வருவோம். 1941 ஜனவரியில், லியோன் நகரில், குடற் புற்றுநோய்க்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிழைப்பது அரிதென்றே எண்ணினர். பிழைத்தார். பணிவிடை செய்த கன்னியர் அவரை உயிர்த்தெழுந்தவர் என்று செல்லமாக அழைத்தனர். ஆனால் வயிற்றுத் தசைகள் வலுவிழந்தன. ஓவியப் பலகையின் முன் நெடுநேரம் நிற்க இயலவில்லை. படுக்கையும் சக்கர நாற்காலியுமே அவருடைய உலகமாயின.

செடி கொடிகளை உயிரெனக் கருதியவர், தோட்டத்தில் உலவ முடியாமல் என்ன செய்தார் தெரியுமா? உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். அவர் கத்தரிக்கோலால் இலை இலையாக, கடற்பாசி கடற்பாசியாக வெட்டுவார். அவற்றை அவர் சொன்ன இடத்தில் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள். சற்று மேலே, இல்லை, இன்னும் இடப்பக்கம்! இப்படியே படுக்கையறைச் சுவர்கள் தோட்டமாயின. 1952இல் செய்த 'கிளியும் கடற்கன்னியும்' ஏழு மீட்டருக்கும் அதிக அகலமுள்ளது. முதுமையில் சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைத்தவர்களும் உண்டு. அந்தத் துணிச்சல் அவருடைய இளமைக்கால ஓவியங்களிலும் இல்லை என்பது நம் எண்ணம்.

1942இல் அவருக்குப் பணிவிடை செய்த மோனிக் பூர்ஷ்வா என்ற இளம்பெண், பின்னர் டொமினிக்கன் சபையில் சேர்ந்து அருட்சகோதரி ழாக் மரீ ஆனார். வான்ஸ் என்ற ஊரில் அச்சபையினருக்குச் சிற்றாலயம் ஒன்று தேவைப்பட்டது. சகோதரி தாம் வரைந்த சாளரப் படத்தை மத்தீஸிடம் காட்டினார். அவரோ முழு ஆலயத்தையும் தாமே அமைத்துத் தர முன்வந்தார். அவர் நாள்தோறும் கோயிலுக்குச் செல்பவர் அல்லர். நண்பர் பிக்காசோவுக்கோ இந்த வேலை பிடிக்கவேயில்லை. ஆயினும் நான்கு ஆண்டுகள் உழைத்தார். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, சுவரில் பெரிய உருவங்களை வரைந்து பழகினார். குருக்களின் பூசை உடைகளுக்கும் தாளை வெட்டியே மாதிரி அமைத்தார்.

பீடத்தின் பின்னுள்ள சாளரத்துக்கு 'வாழ்வின் மரம்' என்று பெயர். அதற்கு அவர் ரோஜாவையோ லீலியையோ தேர்ந்தெடுக்கவில்லை. வறண்ட மண்ணிலும் பூக்கும் சப்பாத்திக் கள்ளியைத் தேர்ந்தெடுத்தார். நம் ஊர் வேலியோரத்தில் ஆடும் தொடாதே, அதே இனந்தான்! மஞ்சள், பச்சை, நீலம் என மூன்றே நிறங்கள்.

1951 ஜூன் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. உடல்நலம் இடங்கொடாமையால் மத்தீஸ் அங்கு வரவில்லை. காலை வெயில் ஏறும்போதெல்லாம் அந்த நிறங்கள் வெண்தரையில் படர்கின்றன.