எண்ணுக்குக் காவல் வைத்த லூன்



லில்லெஸ்ட்ரோமில் வீட்டிலிருந்தவாறே இணையக் கடைகளில் பொருள் வாங்கும் நாம், வங்கி அட்டையின் நீண்ட எண்ணைக் கணினியில் பதிகின்றோம். ஓரிலக்கம் பிழைத்தாலும், வங்கியைக் கேட்குமுன்னரே திரை அதனைச் சுட்டிக்காட்டி விடுகின்றது. இந்நுட்பத்தை உலகுக்கு அளித்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் அறிஞராவார்.

இவர் 1896 ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் ஜேர்மனியின் பார்மன் நகரில், அச்சுத்தொழில் வல்லுநர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1924 இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, நெசவுத்துறையில் ஈடுபட்டார். துணியின் இழைகளை எண்ணும் கருவியொன்றை அங்கு ஆக்கினார். 1941 இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் பெற்ற பெருமை இவருக்குண்டு.

எண்களைப் படியெடுக்கையில் நேரும் பிழைகளைக் கண்டறியும் கையடக்கப் பொறியொன்றுக்கு 1954 இல் விண்ணப்பித்து, 1960 இல் உரிமம் பெற்றார். அதன் கணக்கு எளிது. வலப்புறமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டாம் இலக்கம் முதல், இலக்கங்களை இரட்டிக்க வேண்டும்; விடை ஒன்பதைக் கடந்தால் ஒன்பதைக் கழிக்க வேண்டும். பின்னர் எல்லாவற்றையும் கூட்டினால், தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும்.

இணையக் கடை அமைப்போர் சோதனைக்கெனப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்னும் எண்ணைக் கணித்துப் பாருங்கள், தொகை 30. இறுதி இலக்கத்தை இரண்டாக்கினால் 31. முதலிரு இலக்கங்களை இடம் மாற்றினால் 27. சரியான எண்ணை ஏற்பதும், இவ்விரு பிழைகளையும் மறுப்பதுமே நல்ல கடைத்தளத்தின் அடையாளம். இச்சோதனைக்குப் பிறருடைய உண்மையான அட்டையை எடுத்தல் ஆகாது.

இம்முறைக்கும் எல்லையுண்டு. அடுத்தடுத்து நிற்கும் 0, 9 இடம் மாறினால் இது அறியாது. கணக்குப் பொருந்தியமையால் மட்டும் அட்டை உண்மையானதென்றோ, கொடுத்தவரே உரியவரென்றோ கொள்ளவும் இயலாது. அதனை வங்கியே உறுதிசெய்ய வேண்டும். பெற்றோரும் இதனை மனங்கொள்ளல் நன்று.

லூன் 1964 ஓகஸ்ட் 19 இல் மறைந்தார். அதே ஆண்டில் நோர்வேயில் பதினோரிலக்கப் பிறப்பெண் நடைமுறைக்கு வந்தது. அதன் இறுதி இரண்டும் காவல் இலக்கங்களே. வேறொரு கணக்கால் அவற்றை அமைத்தவர் ஒஸ்லோவிற் பிறந்த கணித அறிஞர் ஏர்ன்ஸ்ட் செல்மர்.

புலம்பெயர்ந்து சென்ற ஒருவரின் சிந்தனை இன்று உலகெங்கும் பயன்படுகின்றது. வகுப்பிற் கற்கும் கூட்டலும் வகுத்தலும் எத்துணை வலியன என்பதை உணர்ந்து, கணிதத்தை விரும்பிக் கற்போமாக.