வைத்தியர் கிறீன் காட்டிய தலைமை

ஆணையிட்டு வேலை வாங்குவது ஒரு முறை. உடனிருந்து கற்பித்து, ஈற்றில் அவ்வேலையைக் கற்றவர் கையிலேயே ஒப்படைப்பது மற்றொரு முறை. இவ்விரண்டையும் ஒரு தலைமுறைக்குள்ளேயே கண்டது எங்கள் வட்டுக்கோட்டை.

அமெரிக்க மிஷனாரிமார் 1823-இல் இங்கு நிறுவிய செமினரி, தமிழோடு ஆங்கிலத்தையும் கணிதத்தையும் வானநூலையும் கற்பித்தது. பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே பயின்றவரே. 1855-இல் பொஸ்ரனிலிருந்த தலைமைச் சங்கத்தின் தூதுக்குழு வந்தது. ஆங்கிலக் கல்வி மிகுந்து சமயப்பணி மெலிந்தது என்று அது கருதியமையால் செமினரி மூடப்பட்டது. பழைய மாணவரும் ஊராரும் முயன்று 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தோற்றுவிக்கும்வரை அக்குறை நீங்கவில்லை.

அதே மிஷனைச் சேர்ந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822-இல் மசாச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் நோயாளரைப் பார்த்தவர், 1848-இல் மானிப்பாய்க்குச் சென்று வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்திற் கற்ற வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. கிராமத்து நோயாளியோ வைத்தியரின்றிக் கிடந்தான். இதனை உணர்ந்த கிறீன், 1864-இல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே! இங்கேதான் அவரது தலைமையின் இயல்பு புலப்படுகின்றது. தாமே எழுதி மாணவரை மனனஞ் செய்யுமாறு அவர் பணித்தாரல்லர். மாணவரையே மொழிபெயர்க்கச் செய்தார். அவர்களோடு அமர்ந்து சொற்சொல்லாக ஆராய்ந்து திருத்தினார். ஒரு கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, அங்கே அகப்படாவிடின் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என முறை வகுத்தார். இவ்வாறு இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் வெளிவந்தன. நெடுங்காலம் தமிழ் கற்பித்து வருபவனாகிய யான் இம்முறையினும் சிறந்ததொன்றைக் கண்டிலேன். சொல்லாக்கக் குழுக்கள் இன்றும் ஏறக்குறைய இதே வழியிற்றான் செல்கின்றன.

மாணவர் மேனாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுதலை அவர் விரும்பினாரல்லர். தமிழராகவே இருந்து தமிழருக்கு வைத்தியஞ் செய்யவேண்டும் என்பதே அவர் கருத்து. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று வெளிவந்தனர்.

1873-இல் தாயகந் திரும்பிய பின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். கடல் கடந்து சென்ற தமிழ்ப் பிரதிகளை அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். 1884-இல் வூஸ்ரர் நகரில் மறைந்தார். தமிழருக்குத் தொண்டு செய்த வைத்தியர் என்பதே, அவர் விரும்பியவாறு, அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைத்து வளரவில்லை. உத்தியோகம் ஆங்கிலத்தின் பக்கம் நின்றது. எனினும் அந்நூல்கள் அழியவில்லை. தமிழால் இயலாது என்பாருக்கு அவையே விடையாக நிற்கின்றன.

செமினரியை மூடிய தூதுக்குழுவும் தாய்மொழியையே வேண்டிற்று. கிறீனும் தாய்மொழியையே வேண்டினார். ஆயின் முன்னையோர் ஆணை அனுப்பினர். கிறீன் மாணவர் கையில் எழுதுகோலைக் கொடுத்தார். பாடசாலைகளை நடத்துவோர் இவ்வேறுபாட்டைச் சிந்திப்பாராக.