பாதி வழியில் சைக்கிளை மாற்றினார்... உலகத்தையே சுற்றினார்! - ஆனி லண்டன்டெரியின் கதை

லாங் டூர் போகணும்னு முடிவு பண்ணி புது சைக்கிள் தேட ஆரம்பிச்சா, ஒரு வாரத்துக்குத் தூக்கமே வராது. ஸ்டீல் ஃபிரேமா, அலுமினியமா? எத்தனை கியர்? டிஸ்க் பிரேக் வேணுமா? பின்னாடி கேரியர் மாட்ட முடியுமா? மொபைல்ல பத்து டேப் திறந்து வெச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டே இருப்போம்.

1894-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஓர் இளம்பெண் உலகத்தைச் சுற்றக் கிளம்பினபோது, இப்படியெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க நேரமே இல்லை. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் அவர் சைக்கிளே ஓட்டக் கத்துக்கிட்டிருந்தார். கிடைச்ச சைக்கிள்ல ஏறிட்டார். அது தப்பான சைக்கிள்னு புரிய மூணு மாசம் ஆச்சு.

அவர் பெயர் ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி. இன்றைய லாட்வியாவில் பிறந்து, சின்ன வயசிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்த யூதப் பெண். 17 வயசு வாக்கில் அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்தார். 1888-ல் மேக்ஸ் என்ற நடை வியாபாரியோடு கல்யாணம். நாலே வருஷத்தில் மூணு குழந்தைகள். நெரிசலான குடியிருப்பு வாழ்க்கை. பாஸ்டன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பதுதான் ஆனியின் வேலை. இந்த வேலையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

15 மாசத்துக்குள் ஒரு பெண்ணால் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வர முடியுமா, வழியில் 5,000 டாலர் சம்பாதிக்கவும் முடியுமான்னு ரெண்டு பணக்காரர்கள் பந்தயம் கட்டினதா ஊர்ல பேச்சு. அந்தப் பணக்காரர்கள் யாருன்னு உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கலை. பந்தயமே ஆனி கிளப்பிவிட்ட கதையா இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனா, பயணம் நிஜம். ஜூன் மாசக் கடைசியில் மாசசூசெட்ஸ் அரசு மாளிகை முன்னாடி சுமார் 500 பேர் கூட, கணவரையும் மூணு குழந்தைகளையும் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். மூத்த குழந்தைக்கே அப்போ அஞ்சு வயசுதான். இன்னிக்கு ஓர் அம்மா இப்படிக் கிளம்பினாலும் கமென்ட் பாக்ஸ் பத்தி எரியும். அந்தக் காலத்தைக் கேட்கவே வேண்டாம்.

லண்டன்டெரி என்ற குடிநீர் கம்பெனி 100 டாலர் கொடுத்து, தன் போர்டை அவர் சைக்கிளில் மாட்டியது. அந்தப் பெயரையே தன் பெயராகவும் சூட்டிக்கிட்டார். ஸ்பான்சர் பெயரை ஜெர்ஸியில் போட்டுக்குறவங்களைப் பார்த்திருக்கோம். தன் பெயராவே வெச்சுக்கிட்டவர் இவர்தான்!

சரி, சைக்கிளுக்கு வருவோம். அது கொலம்பியா கம்பெனியின் லேடீஸ் சைக்கிள். எடை 42 பவுண்ட், அதாவது 19 கிலோ. நம்ம தாத்தாக்கள் அரிசி மூட்டை ஏத்தின கறுப்பு சைக்கிளின் எடைக்குக் கிட்டத்தட்ட வரும். ஆண்கள் சைக்கிளில் குறுக்கே பார் வரும், குழாய்கள் முக்கோணமா ஒண்ணையொண்ணு தாங்கும், அதனால மெல்லிய குழாயே போதும். பாவாடை கட்டினவங்க ஏறுறதுக்காக அந்த பாரைக் கீழே இறக்கினா, பலத்துக்குக் கூடுதல் இரும்பு போடணும். துணி சிக்காம இருக்க செயினுக்கும் பின்சக்கரத்துக்கும் மறைப்பு வேணும். எல்லாம் எடை. அதுக்கு மேல ஆனி உடுத்தியிருந்ததோ கணுக்கால் வரை நீண்ட பாவாடையும், இடுப்பை இறுக்கும் கார்செட்டும். எதிர்க்காத்து அடிச்சா அந்தப் பாவாடை கப்பல் பாய் மாதிரி விரிஞ்சிடும்.

நியூயார்க் வழியா சிகாகோ போய்ச் சேரும்போது செப்டம்பர் 24. உடம்பில் 9 கிலோ குறைஞ்சிருந்தது. அடுத்து மேற்கே மலைகளைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போகணும். அதுக்குள்ள பனிக்காலம் வந்துடும். இனி முடியாதுன்னு பயணத்தைக் கைவிடுற நிலைக்கே வந்துட்டார்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புது. சிகாகோவில் ஸ்டெர்லிங் என்ற சைக்கிள் கம்பெனி இருந்தது. அவங்க கொடுத்தது ஆண்களுக்கான சைக்கிள். எடை 21 பவுண்ட், சுமார் 9.5 கிலோ. பழைய சைக்கிளில் சரிபாதி! கியர் ஒண்ணே ஒண்ணு. பிரேக்? கிடையாது. ஆமாம், உலகத்தைச் சுற்றப் போற சைக்கிளில் பிரேக் இல்லை. இன்னிக்கு அப்படி ஒரு டூரிங் சைக்கிளை யாராவது சிபாரிசு பண்ணினா, அவங்க நம்பரை பிளாக் பண்ணிடுவோம். ஆனா ஆனிக்கு இறக்கத்தைவிட ஏற்றமும் எடையும்தான் பிரச்னை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாதுன்னு மூணு மாச ரோடு அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

ஜென்ட்ஸ் சைக்கிள்ல நீளப் பாவாடையோட ஏற முடியாதே? பாவாடை போச்சு. முதல்ல புளூமர்ஸ் என்ற தொளதொள கால்சட்டை, அப்புறம் நேராவே ஆண்கள் போடும் ரைடிங் உடை. ஒரு பெண் கால்சட்டை போட்டாலே ஊர் கூடி விமர்சிச்ச காலம் அது. உரிமைப் போராட்டம்னு அறிவிச்சுட்டு அவர் மாறலை. சைக்கிள் மாறுச்சு, உடை மாறியே ஆகணும், அவ்வளவுதான்.

திசையையும் மாத்தினார். மேற்குக்குப் பதிலா கிழக்கே. நியூயார்க் திரும்பி நவம்பரில் கப்பலேறி பிரான்ஸ் போனார். அங்கே கஸ்டம்ஸ்காரர்கள் சைக்கிளைப் பிடிச்சு வெச்சாங்க, பணம் திருடு போச்சு, அவர் தோற்றத்தை பிரெஞ்சுப் பத்திரிகைகள் கேலி பண்ணின. அதையெல்லாம் தாண்டி, கொஞ்ச தூரம் ரயில் உதவியோட பாரிஸிலிருந்து மார்சே வந்து சேர்ந்தார். ஊருக்குள் நுழையும்போது ஒரு காலில் கட்டு. அந்தக் காலை ஹேண்டில்பார் மேல தூக்கி வெச்சுட்டு, மத்த காலால் மட்டும் மிதிச்சாராம். கூட்டம் அள்ளுச்சு!

மார்சேயில் ஏறிய பிறகு பெரும்பாலும் கப்பல்தான். அலெக்சாண்ட்ரியா, கொழும்பு, சிங்கப்பூர், சைகோன், ஹாங்காங், ஷாங்காய், ஜப்பான்... துறைமுகத்தில் இறங்கி ஒரு ரவுண்டு, மறுபடி கப்பல். சைக்கிளில் உலகம் சுற்றலை, சைக்கிளைக் கூட்டிக்கிட்டு சுற்றினார்னு அப்பவே சிலர் சொன்னாங்க. அதுல உண்மை இருக்கு. ஊர் திரும்பி அவர் சொன்ன இந்தியப் புலி வேட்டை, ஜப்பான் சிறை, தோளில் பாய்ந்த குண்டு எல்லாமே அளந்துவிட்டதுதான். ஆனா அந்தக் கதைகளுக்குத்தான் டிக்கெட் வித்தது. கையெழுத்துப் போட்ட போட்டோ, மேடைப் பேச்சு, சைக்கிளிலும் உடம்பிலும் தொங்கும் விளம்பரத் துணிகள்னு வழிச்செலவைச் சம்பாதிச்சார். விளம்பரம் பிடிச்ச அனுபவம் வீண் போகலை.

1895 மார்ச் 23-ல் சான் ஃபிரான்சிஸ்கோ. இனிதான் நிஜமான மிதி. கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைவனங்கள், அப்புறம் வடக்கே டென்வர். நெப்ராஸ்காவை மட்டும் ரயிலில் கடந்தார். அயோவாவில் ஒரு பன்றிக் கூட்டத்தில் மோதி மணிக்கட்டு உடைஞ்சது. பிரேக் இல்லாததுக்குக் கட்டின வட்டின்னு எனக்குத் தோணுது. மாவுக்கட்டு போட்ட கையோட செப்டம்பர் 12-ம் தேதி சிகாகோவில் வந்து நின்னார். கெடுவுக்கு ரெண்டு வாரம் பாக்கி.

அதுக்கப்புறம் குடும்பத்தோட நியூயார்க் போய், தன் பயணத்தை ஒரு நாளிதழில் எழுதினார். 1897-ல் நாலாவது குழந்தை பிறந்தது. பேரும் புகழும் சீக்கிரமே மறைஞ்சுபோச்சு. 1947 நவம்பர் 11-ல் அவர் இறந்தப்போ பெரும்பாலானவங்களுக்கு ஆனி லண்டன்டெரி யாருன்னே தெரியலை. அவர் வழி உறவினர் ஒருவர் பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடி எழுதின புத்தகம் 2007-ல் வந்தது. அதுக்கப்புறம்தான் அந்த 9.5 கிலோ சைக்கிளைப் பத்தி நாம பேசிக்கிட்டிருக்கோம்.