பதநீர் சத்தானதா? சோதித்துப் பார்த்த கமலா சோஹோனியின் கதை

திருச்செந்தூர், உடன்குடி பக்கம் போனால் பதநீர் குடிக்காமல் யாரும் திரும்புவதில்லை. மகாராஷ்டிரத்தில் இந்த மாதிரி மரச்சாறுக்குப் பெயர் ‘நீரா’. அதில் நிஜமாவே சத்து இருக்கா என்று ஆய்வகத்தில் அளந்து பார்த்தவர் கமலா சோஹோனி. ஆனால் அவருக்கு ஆய்வகக் கதவு லேசில் திறக்கல.

1933. பம்பாயில் பட்டம் முடித்த கமலா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநர், நம்ம சி.வி.ராமன். பெண் என்பதால் இடமில்லை என்றுவிட்டார். நோபல் வாங்கிய மேதையா இப்படி என்றால், ஆமாம், இப்படித்தான். கமலா விடல. நேரில் போய் வாதாடினார். கடைசியில் ஓராண்டு சோதனைக்காலம், ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். அதை அவர் அவமானமாகவே நினைத்தார். ஆனாலும் பால், பருப்புப் புரதங்களில் அவர் செய்த வேலையைப் பார்த்து ராமன் மனம் மாறினார். பிறகு வந்த பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ். அங்கே கையில் எடுத்த கேள்வி: செடிகள் எப்படி மூச்சு விடுகின்றன? நம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதில் கடைசிப் படியைச் செய்வது சைட்டோக்ரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி. முளைவிடும் பயறு வேகமாக மூச்சு விடுமே, அதிலும் இதே ஏற்பாடுதானா?

கண்டுபிடிப்பது சுலபமில்லை. செல்லை உடைத்து, சூடு படாமல் குளிரில் வைத்து, சாற்றைச் சுழற்றிப் பிரித்து, எந்தப் பகுதி ஆக்சிஜனை இழுக்குது என்று அளக்கணும். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். இதில் இன்னொரு தொல்லை: நறுக்கிய உருளைக்கிழங்கை பழுப்பாக்கும் வேறொரு நொதியும் ஆக்சிஜனை இழுக்கும். எது யார் வேலை என்று பிரித்தறிவதில்தான் திறமை இருக்கு.

பூக்கும் தாவரங்களிலும் சைட்டோக்ரோம் ஆக்சிடேஸ் இருப்பதை 1939-ல் ராபின் ஹில்லும் கமலாவும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு முனைவர் பட்டம். ஆய்வேடு வெறும் 40 பக்கம்தான்!

ஊர் திரும்பியவர் டெல்லியிலும், நம்ம குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் பணியாற்றினார். 1947-ல் திருமணம், பிறகு மும்பை. அங்கேதான் நீரா ஆய்வு. வைட்டமின் ஏ, சி, இரும்புச்சத்து இருப்பதைக் காட்டினார். அதைக் காய்ச்சி வெல்லமாக்கினாலும் சத்து தங்கும் என்றும் கண்டார். ஊட்டமில்லாத பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தபோது உடல்நிலை தேறியது. அந்த வேலைக்குக் குடியரசுத் தலைவர் விருது வந்தது. 1998-ல் காலமானார்.